நீர்ப்பிடிப்பு ஆய்வுக்குழுவில் சேர்வது: தீவின் மலையோடையா, மூடா ஆற்றுப் படுகையா?

கேள்வி: குளுகோர் மாணவி

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் புவி இயற்பியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து, இளநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் நீரியலையும் நிலத்தடி நீரையும் ஆராயும் பல்கலைக்கழகக் குழு ஒன்றில் முதுநிலை ஆய்வு மாணவியாகச் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. குழுத் தலைவர் இரண்டு தலைப்புகளைச் சொல்லி, இந்த மாத இறுதிக்குள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி கேட்டிருக்கிறார்.

முதல் தலைப்பு, தாவரவியல் பூங்காவுக்கு மேலே மலைச்சரிவில் ஓடும் ஒரு சிற்றோடையைப் பற்றியது. அதன் நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர்தான். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாரக்கணக்கில் மழை இல்லாதபோதும் அது வற்றுவதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர்கள் அந்த வறண்ட நாள்களிலும் மலையில் நீரோட்டம் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த நீர் மலைக்குள் எங்கே தங்கியிருந்து வருகிறது, எவ்வளவு காலம் தங்குகிறது என்பதுதான் ஆய்வுக் கேள்வி.

இரண்டாவது, சுங்கை மூடா படுகை முழுவதையும் கணினி மாதிரியில் கட்டமைப்பது. ஸ்வாட் என்ற மென்பொருளைக் கொண்டு, காடும் தோட்டமும் வயலும் மாறும்போது ஆற்றின் ஓட்டமும் நிலத்தடி நீர் ஊட்டமும் எப்படி மாறும் என்று பார்ப்பார்கள். தரவுகளின் பெரும்பகுதி ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால் குறித்த காலத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள்.

என் மனம் முதல் தலைப்பின் பக்கம் சாய்கிறது. ஆனால் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. அணைக்கட்டு நீரையும் ஆற்று நீரையும் குடித்து வாழும் பினாங்கில் நிலத்தடி நீரை ஆராய்வது யாருக்குப் பயன்படும்? இரண்டு ஆண்டு அளவீட்டை வைத்துக்கொண்டு ஒரு மலையைப் பற்றி எதையாவது உறுதியாகச் சொல்ல முடியுமா? ஒரு சதுர கிலோமீட்டரில் கற்றது மற்ற இடங்களுக்குப் பொருந்துமா? இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: கோலாலம்பூர் நிலத்தடி நீர் ஆய்வாளர்

வணக்கம். உங்கள் முதல் ஐயத்தைத் தீர்த்தால் மற்ற இரண்டும் தாமாகவே தெளிவடையும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மழை நின்று இருபது நாள்களுக்குப் பிறகும் ஓர் ஓடையில் நீர் ஓடுகிறது என்றால், அது நிலத்தடி நீர்தான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. நாம் ஆற்று நீர், அணை நீர் என்று பெயரிட்டுக் குடிப்பதில் பெரும்பகுதி, சில வாரங்களுக்கு அல்லது சில ஆண்டுகளுக்கு முன்பு மண்ணுக்குள் இறங்கி, பிறகு ஓடையின் கரையிலும் அடியிலும் கசிந்து வெளியே வந்த நீர். ஆயர் ஈத்தாம் அணை 1962இலிருந்தும் தெலுக் பஹாங் அணை 1999இலிருந்தும் தேக்கிவைத்திருப்பது மலைக்குள் ஒருமுறை தங்கிவிட்டு வந்த நீரையும் சேர்த்துத்தான். ஆகவே மேற்பரப்பு நீருக்கு ஒரு துறை, நிலத்தடி நீருக்கு இன்னொரு துறை என்று அலுவலகங்கள் பிரித்துவைத்திருப்பதை ஆய்வாளர் மனத்தில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் குழு உங்களை அழைத்திருப்பது நல்வாய்ப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்யும் ஒரு மில்லிமீட்டர் மழை 1,000 கன மீட்டர் நீராகும். ஆண்டு மழையைச் சுமார் 2,400 மில்லிமீட்டர் என்றும், அதில் காடு உயிர்த்தும் ஆவியாக்கியும் திருப்பி அனுப்புவது சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், மிஞ்சும் 1,000 மில்லிமீட்டர் ஆண்டுக்குப் பத்து லட்சம் கன மீட்டர், அதாவது சராசரியாக நொடிக்கு 32 லிட்டர் ஓட்டம். வறண்ட காலத்தில் ஓடையில் நொடிக்கு 10 லிட்டர் மட்டுமே ஓடுகிறது என்று கொள்வோம். அந்த ஓட்டம் மழையே இல்லாமல் 40 நாள்கள் நீடிக்க ஏறத்தாழ 34,600 கன மீட்டர் நீர் வேண்டும். நீர்ப்பிடிப்பு முழுவதற்கும் பரப்பினால் அது 35 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு நீர்ப்படலந்தான். சிதைந்த கருங்கல் மண்ணின் கன அளவில் 5 விழுக்காடு நீர் வடியக்கூடியது என்றால், மலைக்குள் நீர்மட்டம் சராசரியாக 70 சென்டிமீட்டர் இறங்கினாலே அவ்வளவு நீரும் கிடைத்துவிடும். இவை மாதிரிக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஓடைக்கு உண்மையான எண்கள் என்ன என்பதே உங்கள் ஆய்வு. அந்த எண்கள் கிடைத்தால், நெடிய வறட்சி ஒன்று வரும்போது தீவின் ஓடைகள் எத்தனை வாரம் தாங்கும் என்று சொல்ல முடியும். இதைவிடப் பயனுள்ள கேள்வி பினாங்கில் இல்லை என்றே நினைக்கிறேன்.

தீவின் மலைகள் கருங்கல்லால் ஆனவை. சிதையாத கருங்கல்லில் நீர் தங்க இடம் மிகக் குறைவு. ஆனால் வெப்பமும் மழையும் மிகுந்த நம் நாட்டில் அந்தப் பாறையின் மேற்பகுதி பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாகச் சிதைந்திருக்கிறது. சில இடங்களில் அது பல பத்து மீட்டர்களுக்கும் போகும். அதற்குக் கீழே பிளவுகள் நிறைந்த பாறை. மேலே உள்ள சிதைந்த அடுக்கு நீரைச் சேமிக்கிறது, கீழே உள்ள பிளவுகள் கடத்துகின்றன. நீங்கள் புவி இயற்பியல் படித்தவர். மின்தடைமானி கொண்டு இந்த அடுக்குகளின் தடிப்பைக் கண்டறிய உங்களால் முடியும். உங்கள் படிப்பு நேராகக் கைகொடுக்கும் இடம் இது.

கனமழையின்போது ஓடை பொங்குவதைப் பார்த்து, அதெல்லாம் அப்போது பெய்த மழைநீர் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். 1979இல் ஸ்கிளாஷ், ஃபார்வோல்டன் என்ற இருவர் கனடாவின் சிறு நீர்ப்பிடிப்புகளில் நீரின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து, வெள்ள ஓட்டத்திலும் பெரும்பகுதி மழைக்கு முன்பே நிலத்துக்குள் இருந்த பழைய நீர்தான் என்று காட்டினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் இதே முடிவு கிடைத்திருக்கிறது. பழைய நீர் எப்படி இவ்வளவு விரைவாக வெளியே தள்ளப்படுகிறது என்பது இன்றும் ஆய்வாளர்கள் வாதாடும் கேள்வி.

இரண்டாவது ஐயம். நிலப் பயன்பாடு மாறினால் ஓட்டம் எவ்வளவு மாறும் என்பது உங்கள் கேள்வியாக இருந்தால், இரண்டு ஆண்டுகள் போதா. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள வேகன் வீல் கேப்பில் 1910இல் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை அளக்கத் தொடங்கியவர்கள், 1919இல்தான் ஒன்றில் மரங்களை வெட்டினார்கள். பிறகும் 1926 வரை அளந்தார்கள். நம் நாட்டிலும் பகாங்கின் சுங்கை தெக்காம் நீர்ப்பிடிப்பில் காட்டைக் கொக்கோவாகவும் செம்பனையாகவும் மாற்றியபோது, மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஆண்டுக்கணக்கில் அளந்துதான் ஓட்டம் கூடியதை நிறுவ முடிந்தது. ஆனால் உங்கள் கேள்வி வேறு. மழை விட்ட ஒவ்வொரு இடைவெளியும் உங்களுக்கு ஒரு தனிச் சோதனை. ஓட்டம் நாளுக்கு நாள் குறைவதை மடக்கை அளவுகோலில் வரைந்தால் பெரும்பாலும் நேர்கோட்டுக்கு அருகில் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோட்டின் சரிவு மலையின் சேமிப்பைப் பற்றிப் பேசும். இரண்டு ஆண்டுகளில் அப்படிப்பட்ட இடைவெளிகள் பல கிடைக்கும். முதல் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.


மறுமொழி 2: பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியாளர்

முன்னவர் சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பு இல்லை. முடிவில்தான் உடன்பாடு இல்லை.

பினாங்கு மாநிலம் சுத்திகரிப்புக்கு எடுக்கும் கச்சா நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆறு பிறப்பது கெடாவின் காட்டில். கடலை அடையும் முன் அதன் கீழ்ப்பகுதி இரு மாநிலங்களுக்கும் எல்லையாக ஓடுகிறது. அங்கே லஹார் தியாங்கில் நீரை எடுத்துச் சுங்கை டுவாவில் சுத்திகரித்துத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் அனுப்புகிறார்கள். ஆறு பிறக்கும் அந்த உலு மூடா காட்டில் ஏற்படும் மாற்றம், தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் குழாயைத் திறக்கும் குடும்பத்தை எட்டுகிறது. சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் படுகையைப் புரிந்துகொள்ள ஆள் வேண்டும் என்பதை மாணவி மறந்துவிடக் கூடாது.

ஆனால் மூடாவை எடுப்பதானால் அதன் நடப்பை அறிந்து எடுக்க வேண்டும். மேல்மூடாவில் அணைக்குப் பின்னால் சேரும் நீர் சுரங்கவழியாகப் பெடு நீர்த்தேக்கத்துக்குத் திருப்பப்பட்டு, கெடாவின் நெல்வயல்களுக்குப் போகிறது. 2004இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிஸ் அணை, வறண்ட காலத்தில் மூடா ஆற்றின் ஓட்டத்தைத் தாங்கிப்பிடிக்க நீரைத் திறந்துவிடுகிறது. ஆகவே கீழே அளவு நிலையத்தில் பதிவாகும் ஓட்டத்தில் மழையும் மண்ணும் காடும் மட்டும் பேசவில்லை. மதகைத் திறக்கும் மனிதரின் முடிவும் பேசுகிறது. அணைகளின் இயக்கப் பதிவைச் சேர்க்காமல் மாதிரியை அளவீட்டோடு பொருத்த முயன்றால், மென்பொருள் அந்த வேறுபாட்டை மண்ணின் மீதும் நிலத்தடி நீரின் மீதும் ஏற்றி, பொருத்தம் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். பொருத்தத்தைச் சொல்லும் நாஷ்–சட்கிளிஃப் எண் 1ஐ நெருங்கினால் மாணவர்கள் மகிழ்ந்துவிடுகிறார்கள். வெவ்வேறு மண் எண்களைக் கொடுத்தும் அதே பொருத்தத்தைப் பெற முடியும் என்பதை ஒருமுறை தாங்களே செய்து பார்த்தால், அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

கீழ்ப்படுகையில் நிலத்தடி நீர்ப் பிரச்சினை தனியாகவே இருக்கிறது. அங்கே கருங்கல் மலை இல்லை. ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும். ஆற்றில் மணல் அள்ளுவதால் அடிமட்டம் தாழும்போது கரையோர நிலத்தடி நீர்மட்டமும் அதைத் தொடர்ந்து இறங்கும். கடலோரத்தில் நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயரமாக இருந்தால், கடலுப்பு நீருக்கு மேலே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது கைபன்–ஹெர்ட்ஸ்பெர்க் கொடுத்த கணக்கு. நீர் அசையாமல் இருப்பதாகக் கொண்ட எளிய கணக்குதான் என்றாலும், மேலே சில சென்டிமீட்டர் இழப்பது கீழே எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அது சரியாகவே உணர்த்துகிறது. ஆற்றுக்குள் உப்பு ஏறாமலிருக்கக் கதவணை இருக்கிறது. மணலுக்குள் அப்படி எதுவும் இல்லை. மூடாவை எடுக்கிறவர், படுகை முழுவதற்கும் ஒரு மாதிரி கட்டுவதைவிட, இந்தக் கீழ்ப்பகுதியில் ஆற்றுக்கும் மணலுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலை அளப்பது நல்லது. குழுத் தலைவரிடம் இப்படி ஒரு மூன்றாவது தலைப்புக்கு இடமுண்டா என்று கேட்டுப் பாருங்கள், அம்மா. முதுநிலை மாணவர் தலைப்பைத் திருத்திக் கேட்பதை நல்ல பேராசிரியர் எவரும் குறையாக எண்ணமாட்டார்.


மறுமொழி 3: பாங்கியில் ஆய்வு மாணவர்

இதே வகையான ஒரு குழுவில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இரு பெரியவர்களும் எதை ஆராய்வது என்று பேசினார்கள். அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

கருவியை நம்புவதற்கு முன் அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நீரின் ஆழத்தைப் பதிவு செய்ய ஓடையில் இறக்கிவைக்கும் அழுத்தமானிகளில் பல, நீரின் எடையோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே பதிவு செய்கின்றன. நம் நிலநடுக்கோட்டுப் பகுதியில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் 3 முதல் 4 மில்லிபார், அதாவது 3 முதல் 4 சென்டிமீட்டர் நீரின் உயரத்துக்குச் சமம். ஓட்டத்தை அளக்க ஓடையின் குறுக்கே கட்டும், 90 பாகைக் கோணத்தில் முக்கோணமாக வெட்டப்பட்ட அளவைத் தடுப்பில் 10 சென்டிமீட்டர் நீர் நின்றால் நொடிக்கு 4.4 லிட்டர் ஓடுகிறது. 7 சென்டிமீட்டர் நின்றால் 1.8 லிட்டர்தான். கரையில் தனியாக ஒரு காற்றழுத்தமானி வைத்துக் கழிக்காவிட்டால், வறண்ட காலத்தில் ஓடை தினமும் இருமுறை பாதியாகக் குறைந்து மீள்கிறது என்று எழுதிவிடுவோம். மரங்கள் பகலில் நீரை உறிஞ்சுவதால் ஓட்டம் உண்மையாகவே சிறிது ஏறி இறங்குவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது உங்கள் தலைப்பின் அழகான பகுதிகளில் ஒன்றாக இருக்கும்.

தனியாக ஓடைக்குள் இறங்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் பெய்த மழை இறங்கி வந்துவிடும்.

சேர்வதற்கு முன் குழுவில் இருக்கும் மூத்த மாணவர்களைத் தனியே சந்தித்து இரண்டு செய்திகளைக் கேளுங்கள். முந்தைய மாணவர்களின் களக்குறிப்பேடுகளும் மூலத் தரவுகளும் குழுவிடம் பத்திரமாக இருக்கின்றனவா? கருவி பழுதானால் மாற்றக் குழுவில் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா? இதற்கு அவர்கள் தரும் விடை, குழுவின் வலைப்பக்கத்தில் உள்ள கட்டுரைப் பட்டியலைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.


கேட்டவர்: குளுகோர் மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொறியாளர் ஐயா சொன்ன கீழ்மூடாத் தலைப்பைக் குழுத் தலைவரிடம் எடுத்துச் சொன்னேன். கரையோரத்தில் ஆழ்துளைகள் அமைக்க இந்த ஆண்டு நிதி இல்லை என்றும், அடுத்த திட்டத்தில் சேர்க்கலாம் என்றும் சொன்னார். எனவே மலையோடையையே எடுத்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன்.

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல். அந்த ஓடை முழுவதும் உருண்டைப் பாறைகள். அளவைத் தடுப்பு கட்டச் சமதளம் இல்லை. காப்புக்காட்டுக்குள் சிமெண்டு போட அனுமதியும் கிடைக்காது. பாறைகளுக்கு நடுவே ஓட்டமானியைப் பிடித்தாலும் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு வேகம் காட்டுகிறது. ஓட்டத்தை எப்படி அளப்பது?


மறுமொழி 4: கோலாலம்பூர் நிலத்தடி நீர் ஆய்வாளர்

உப்பைக் கரைத்து அளக்கும் முறை இப்படிப்பட்ட ஓடைகளுக்கென்றே பொருந்தி வரும். ஓட்டமானிக்குத் தொல்லை தரும் அதே பாறைகள் இங்கே நீரை நன்றாகக் கலக்கி உங்களுக்கு உதவும்.

சாதாரணச் சமையல் உப்பை, எடை துல்லியமாகத் தெரிந்த அளவில், வாளியில் ஓடை நீரையே எடுத்துக் கரைத்து, ஒரே வீச்சில் ஓடையில் ஊற்றுங்கள். ஓடையின் அகலத்தைப்போல் குறைந்தது இருபது மடங்கு தொலைவு கீழே மின்கடத்துத்திறன் மானியை வைத்து, உப்பு நீரின் அலை வந்து கடந்துபோகும் வரை ஒரு நொடிக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். இயல்பு நிலைக்கு மேல் ஏறிய செறிவை நொடிக்கு நொடி கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் உப்பின் எடையை வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். 100 கிராம் ஊற்றி, கூட்டுத்தொகை லிட்டருக்கு 20 கிராம்-நொடி என வந்தால் ஓட்டம் நொடிக்கு 5 லிட்டர். கருங்கல் மலையின் நீரில் கரைந்த உப்புகள் இயல்பாகவே குறைவு என்பதால் சிறிதளவு உப்பும் தெளிவாகத் தெரியும். 100 கிராமுக்கு மேல் வறண்ட காலத்தில் தேவைப்படாது. மானியின் அளவை உப்பின் செறிவாக மாற்றும் எண்ணைப் பாடநூலிலிருந்து எடுக்காமல், அந்த ஓடை நீரிலேயே படிப்படியாக உப்புச் சேர்த்து நீங்களே கண்டுபிடியுங்கள். கலவை முழுமையாக நடந்ததா என்று அறிய இரு கரைகளிலும் மானி வைத்து இரண்டும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பாருங்கள். கீழே குடிநீர் எடுக்கும் இடம் ஏதேனும் இருந்தால் அதன் பொறுப்பாளர்களிடம் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெறுவது கட்டாயம்.

வெவ்வேறு நீர்மட்டங்களில் இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். பிறகு அழுத்தமானியின் தொடர் பதிவை அந்த வளைகோட்டின் வழியே ஓட்டமாக மாற்றலாம். வெள்ள நேரத்துக்கான புள்ளிகள் கிடைப்பது கடினம். அவற்றுக்காக எவரும் ஆபத்தில் இறங்க வேண்டாம், உங்கள் கேள்விக்கு வேண்டியவை வளைகோட்டின் அடிப்பகுதிப் புள்ளிகளே. பெருமழைக்குப் பின் பாறைகள் புரண்டு ஓடையின் வடிவம் மாறியிருந்தால் வளைகோடும் மாறிவிடும் என்பதால், செப்டம்பர், அக்டோபர் மழை ஓய்ந்தவுடன் புதிதாக அளக்கத் தொடங்குங்கள். அப்போதுதான் ஜனவரி வறட்சி வரும்போது நம்பத்தக்க வளைகோடு கையில் இருக்கும். கூடவே வாரம் ஒருமுறை மழைநீரையும் ஓடை நீரையும் சிறு குப்பிகளில் காற்றுப் புகாமல் அடைத்து, தேதியிட்டு வையுங்கள். பழைய நீரைப் பிரித்தறிய உதவும் ஐசோடோப்பான ஆக்சிஜன்-18 அளக்க இப்போதே பணம் இல்லாவிட்டாலும், குப்பிகள் இருந்தால் பிறகு அளக்கலாம்.